தீக்குச்சி ஊரில் காலண்டர் காய்த்த கதை

“தொழிற்பேட்டை அமைத்து, சாலையும் மின்சாரமும் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் எங்கள் ஊர் ஏன் இன்னொரு சிவகாசி ஆகவில்லை?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மண்ணின் ராசி என்று பதில் சொல்பவர்கள் உண்டு. அந்த ராசியைக் கணிக்க ஈரப்பதமானி போதும், ஜோசியர் வேண்டாம்.

தொடக்கம் பலரும் அறிந்ததுதான். வானம் பார்த்த பூமி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். மூலப்பொருள் வியாபாரி, பழகிய கைகள், கடன் கொடுப்பவர் என்று எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்தபின் அடுத்தவர் தொழில் தொடங்குவது எளிதாயிற்று.

எனக்குப் பிடித்தது, தொழில் கிளைவிட்ட விதம். தீக்குச்சியின் முனையில் இருப்பது ஆக்சிஜன் தரும் உப்பும் எரிபொருளும் சேர்ந்த மருந்து. பட்டாசுக்கும் அடிப்படை அதுவே. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது, மருந்து கலக்கத் தெரிந்தவர்கள் இங்கே தயாராக இருந்தார்கள்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே. லித்தோ எனும் கல்லச்சு முறை அச்சகங்கள் வந்தன. லித்தோவில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தாளில் ஏறும். மஞ்சள் காய்ந்து சிவப்புக்காகக் காத்திருக்கும் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால், அதன் செல்லுலோஸ் இழைகள் தடித்து, தாள் மயிரிழை அளவு விரியும். அது போதும், கிளி மூக்கின் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்துவிடும். வறண்ட காற்றில் தாள் அடங்கிக் கிடக்கும். தீப்பெட்டி மருந்தை நமுக்கவிடாத அதே காற்றுதான் லேபிளின் வண்ணத்தையும் காப்பாற்றியது! லேபிள் அடித்துப் பழகியவர்கள் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். காலண்டர் அச்சிடு என்று எந்தத் திட்டக்குழுவும் சொல்லவில்லை.

அரசுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பிறகு கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு வரியைக் குறைத்ததால், அவை பெரிய இயந்திர ஆலைகளின் முன் தாக்குப்பிடித்தன. மலிவான கைவேலை நீடிக்கவும் அதே சலுகை வழிவிட்டது. குச்சி அடுக்கியவற்றில் குழந்தைகளின் விரல்களும் இருந்தன.

2018-இல் பட்டாசு மருந்தில் சேரும் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மாற்றுக் கலவைக்கு நாக்பூரின் நீரி (NEERI) என்னும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. நீதிமன்றம் கதவைத் தட்டிய பிறகுதானா ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது? தொழிற்பேட்டைகளில் காலி ஷெட்டுகள் கட்டும் காசில் பாதியை, சிறு ஆலைக்காரர் தன் கலவையை எடுத்துப்போய்ச் சோதித்து வாங்கும் பொது ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுக்கலாம்.