கேரியர்: பரப்புபவரா, கடத்தியா, தாங்குநரா?

கருவுற்றிருக்கும் என் அக்காள் மகளுக்குச் சென்ற மாதம் இரத்தப் பரிசோதனை முடிவோடு ஒரு கையேடும் கொடுத்திருந்தார்கள். தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் ஓர் இரத்த நோய். கையேட்டின் ஆங்கிலப் பக்கத்தில் ‘தலசீமியா கேரியர்’ என்றிருந்தது, தமிழ்ப் பக்கத்தில் ‘தலசீமியா நோய் பரப்புபவர்’ என்று அச்சாகியிருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்த அவளுடைய மாமியார், அன்று மாலையே அவள் தேநீர்க் கோப்பையைத் தனியாகக் கழுவி அலமாரியின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டார். அம்மையாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

வண்டியைக் குறிக்கும் ‘காருஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது ‘கேரி’ என்னும் ஆங்கில வினை. சுமந்து செல்வதே அதன் பொருள். நம் சாப்பாட்டுக் கேரியரும் அந்தப் பொருளில் வந்ததுதான். மருத்துவத்தில் மட்டும் அச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 1907இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட சமையற்காரர் மேரி மல்லன், டைபாய்டுக் கிருமியைத் தம் உடலில் வைத்துக்கொண்டு, தாம் நோயுறாமலேயே பிறருக்கு நோயைக் கொடுத்தார். அவரைப் பரப்புபவர் என்றால் தகும். மரபியலில் கேரியர் என்பவர் முற்றிலும் வேறு. பீட்டா தலசீமியா என்னும் வகையோடு தொடர்புடைய மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது; அதன் ஒரு படி, அதாவது நகல், தாயிடமிருந்தும் இன்னொன்று தந்தையிடமிருந்தும் நமக்கு வருகின்றன. இரண்டில் ஒன்று மட்டும் பிழையானதாக இருந்தால் அவர் கேரியர். அவருடைய சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவையாக இருக்கும், சோகை இலேசாகத் தென்படலாம், அவ்வளவுதான். கணவன் மனைவி இருவருமே கேரியர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் கடுமையான நோய்க்கு 25 விழுக்காடும், பெற்றோரைப் போலக் கேரியராவதற்கு 50 விழுக்காடும், பிழையே இல்லாதிருப்பதற்கு 25 விழுக்காடும் வாய்ப்புண்டு. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகவும் பிறக்கலாம், மூவரும் ஒன்றுபோலவும் பிறக்கலாம். கோப்பை வழியாகப் போவதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

பரப்புபவர் என்பது வெறும் அறியாமை. படித்தவர்கள் விடாமல் எழுதும் ‘நோய்க்கடத்தி’தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பெற்றோர் மரபணுவைப் பிள்ளைக்குக் கடத்துகிறார்கள், ஆகவே கடத்தி என்பது அவர்கள் வாதம். அப்படியானால் பிள்ளையே பெறாதவர் என்ன? அவரும் கேரியர்தானே! இரண்டு படிகளும் பிழையான நோயாளி ஒருவர் பிள்ளை பெற்றால், ஒரு பிழைப் படியைத் தவறாமல் கொடுத்துவிடுவார். கேரியரோ பாதி வாய்ப்பில்தான் கொடுப்பார். கடத்துவதுதான் இலக்கணம் என்றால் அந்தப் பெயர் நோயாளிக்கே முதலில் பொருந்தும். மேலும், எங்கள் சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியில் ‘கடத்தல்’ என்றால் போதைப்பொருள்தான் நினைவுக்கு வருகிறது; ‘கடத்தி’ என்றால் பள்ளிப் பிள்ளைகள் செப்புக் கம்பியை நினைப்பார்கள். கருவுற்ற பெண்ணைச் சுட்ட இவைதாமா கிடைத்தன?

இலங்கைத் தமிழர் ‘காவி’ என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை போகும் காவடிக்கும் அதே வேர்தான். தண்டின் இருபுறமும் தொங்கும் சுமை, இரண்டு மரபணுப் படிகளுக்கு எவ்வளவு பொருத்தமான உருவகம்! ஆனால் இங்கே காவி என்றதும் துறவியின் ஆடைதான் கண்முன் வரும், ‘காவு’ என்றாலோ பலியை எண்ணிப் பதறுவார்கள். ஆகவே மனமில்லாமல்தான் அதை ஒதுக்குகிறேன்.

‘விமானந்தாங்கிக் கப்பல்’ என்று நாம் எத்தனையோ ஆண்டுகளாக எழுதி வருகிறோம். அதே ‘கேரியர்’தான் அங்கே ‘தாங்கி’ ஆயிருக்கிறது. கப்பலுக்கு ‘தாங்கி’ போதும். மனிதருக்கு ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போல ‘தாங்குநர்’ என்று உயர்திணை விகுதி கொடுப்பது மரியாதை. முன்னால் ‘நோய்’ என்ற சொல் வரவே கூடாது. ‘நோய் தாங்குநர்’ என்றால் நோயைப் பொறுத்துக்கொண்டிருப்பவர் என்றாகிவிடும். அவர் தாங்குவது மரபணுவை.

நான்கு மொழிகளில் அச்சாகும் கையேடுகளில் மலாய்க்காரர் ‘பெம்பாவா’ என்று எளிதாக முடித்துவிடுகிறார். சுமப்பவர், கொண்டு வருபவர் என்று பொருள். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார். பலதுறை மருந்தகத்துத் தாதி ஒருவரிடம் ‘கேரியர் என்றால் யார்?’ என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்திருக்கும். அடுத்த பதிப்பில் இப்படி அச்சிடலாம்: ‘நீங்கள் தலசீமியா மரபணுத் தாங்குநர். உங்களுக்கு அந்த நோய் இல்லை. உங்களிடமிருந்து அது யாருக்கும் தொற்றாது. உங்கள் துணைவரும் தாங்குநர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.’