பழைய .303 ரைஃபிளின் மரக்கட்டை எங்கே, ஏன் பிளக்கிறது?

பழைய ரைஃபிளின் மரக்கட்டையில் விரிசல் கண்டால் மரத்தின் வயதையே பலரும் குறை சொல்கிறார்கள். பழுதுக்கு வரும் லீ-என்ஃபீல்டுகளை (பழைய பிரிட்டிஷ் .303 ரைஃபிள்களை) பார்த்த அளவில், வயதைவிடக் கையாண்ட விதமே பெரும்பாலும் காரணம் என்பேன்.

1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 3 வகையில் குழலைத் தாங்கும் முன்கட்டையும் தோளில் பதியும் பின்கட்டையும் தனித்தனித் துண்டுகள். பின்கட்டையை இறுக்கும் நீண்ட போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்முனையில் பதித்த சிறு தகட்டுக்குள் புகுந்து நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் இந்த போல்ட்டைத் திருகினால், சுழலும் சதுரமுனை தகட்டை நெம்பி மரத்தைப் பிளந்துவிடும். பிற்காலத் துப்பாக்கிகள் சிலவற்றில் இந்தத் தகடு இல்லை என்றாலும், வெளியிலிருந்து பார்த்து அதை அறிய முடியாது என்பதால், எப்போதும் முதலில் முன்கட்டையைக் கழற்றுவதே பாதுகாப்பானது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. சுடும்போது எழும் உதைப்பை, ரிசீவருக்கு (குழல் பொருந்தும் இரும்பு உடற்பகுதிக்கு) பின்னே முன்கட்டையின் உட்புறத்தில் இருபக்கமும் உள்ள இரண்டு சிறு மரப்பரப்புகளே தாங்குகின்றன. எண்ணெய் ஊறி அவை மென்மையானாலோ, ஒன்று மட்டும் தேய்ந்தாலோ, முழுச் சுமையும் ஒரே பக்கம் விழுந்து, பின்னாலுள்ள மெல்லிய மரம் பிளக்கிறது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே செப்புத் தகடு பதித்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை மேகசினுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி போட்டு வலுவூட்டியது. ஆகவே அந்தப் பரப்புகளைச் சரிசெய்யாமல் விரிசலை மட்டும் ஒட்டினால், பக்கத்திலேயே இன்னொன்று தோன்றும்.

ஒட்டுவதற்கு முன் எண்ணெயை நீக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் எப்பாக்சி (இரு பொருள் கலந்து இறுகும் பசை) பிடிக்காது. (கட்டை கறுத்திருப்பதைப் பழமையின் அழகென்று மெச்சுபவர்கள் உண்டு, பல சமயம் அது வெறும் துப்பாக்கி எண்ணெய்தான்.) சுண்ணாம்புக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி உலரவிட்டால் அது எண்ணெயை உறிஞ்சும், தேவைக்கேற்பத் திரும்பத் திரும்பச் செய்யலாம். பிறகு மெதுவாக இறுகும் எப்பாக்சியை விரிசலின் அடிவரை இறக்கி, கிளாம்ப்பால் மிதமாக அழுத்தி, நன்கு இறுகிய பின் குறுக்கே மெல்லிய பித்தளை ஊசியோ கடின மர முளையோ செருக வேண்டும். உப்புத்தாளால் முழுக்கட்டையையும் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. பழைய முத்திரைகள் அழியும், மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே போய்விடும்.

தடுப்பதற்கு, ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்து, முழுதாக உலரவிட்டே அடுத்த பூச்சு போட வேண்டும். துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அவற்றை விரித்து உலர்த்துங்கள். நீண்ட நாள் வைப்பதானால் குழல்முனை கீழே இருக்கட்டும். அப்போது துப்பாக்கியின் இரும்புப் பாகங்களில் உள்ள எண்ணெய் பின்கட்டையின் கழுத்துக்கு வடியாது. இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. ஆகவே பிளந்த கட்டையைத் துப்பாக்கியோடு அக்கம்பக்கத்துத் தச்சரிடம் ஒப்படைக்கக் கூடாது.