கல்லில் பதிந்த ஓக் இலையை இனம் காண்பது எப்படி?

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து முசௌரிக்கும் நைனிதாலுக்கும் செல்லும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலர், மரத்தின் பெயர் தெரியாமலே ஓக் காடுகளின் நிழலில் நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். மலைவாசிகள் பான்ஜ் என்று அழைப்பதும், அதைவிட உயரமான குளிர்ந்த சரிவுகளில் வளரும் கர்சுவும் ஓக் இனங்களே. உலகில் இன்று 400-க்கும் மேற்பட்ட ஓக் இனங்கள் உள்ளன. உயிருள்ள மரமென்றால் காயையும் அதைத் தாங்கும் கிண்ணத்தையும் பட்டையையும் பார்த்து இனத்தைச் சொல்லிவிடலாம். பாறையிலோ பெரும்பாலும் தனி இலையின் பதிவு மட்டுமே கிடைக்கிறது.

அந்தப் பதிவின் வடிவம்தான் முதலில் கண்ணில் படும், ஏமாற்றுவதும் அதுவே. கர்சு மரத்தின் இளம்பருவ இலைகளுக்கு விளிம்பெங்கும் முட்கள் இருக்கும். முதிர்ந்த மரத்தின் இலைகளிலோ பெரும்பாலும் விளிம்பு மழமழவென்று இருக்கும். இவ்விரண்டும் ஒரே ஏரியின் சேற்றில் விழுந்து புதைந்திருந்தால், வடிவத்தை மட்டும் நம்புகிறவர் ஒரே மரத்தை இரண்டு இனங்களாக எழுதிவிடுவார். வெயிலில் வளர்ந்த இலை சிறுத்துத் தடித்தும், நிழலில் வளர்ந்த இலை அகன்று மெலிந்தும் இருப்பதால் அளவையும் அப்படியே நம்புவதற்கில்லை.

ஆகவே ஆய்வாளர்கள் நரம்புகளை நாடுகிறார்கள். பான்ஜ் இலை ஒன்றைத் திருப்பி, வெண்மையான அடிப்புறத்தை லென்ஸ் வழியே பாருங்கள்: நடுநரம்பிலிருந்து இருபுறமும் பக்க நரம்புகள் ஏறத்தாழ இணையாகக் கிளம்பி, வளையாமல் நேரே ஓடி, விளிம்பிலுள்ள பற்களில் முடிகின்றன. அடுத்தடுத்த பக்க நரம்புகளுக்கிடையே ஏணிப்படிகளைப் போல மெல்லிய மூன்றாம் நிலை நரம்புகள் குறுக்கே செல்கின்றன. அவற்றுக்குள்ளே இன்னும் நுண்ணிய வலை. வேறு பல தாவரங்களில் பக்க நரம்பு விளிம்பை எட்டாமல் வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துவிடும் என்பதால், நரம்பு எங்கே முடிகிறது என்பதே ஆய்வின் முதற்கேள்வி. கர்சுவும் அதன் நெருங்கிய உறவினங்களும் அடங்கிய ஓக் குழுவிலோ நடுநரம்பு நுனியை நெருங்கும்போது வளைந்து வளைந்து செல்வதும், பக்க நரம்புகள் விளிம்புக்கு அருகில் கவையாகப் பிரிவதும் நல்ல அடையாளங்கள். இலையில் முள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவற்றைத் தேடலாம்.

இவ்வளவு பார்த்தபின்னும் சில வேளைகளில் ஐயம் தீராது. ஓக்கின் உறவான செஸ்ட்நட் மரத்திலும் பக்க நரம்புகள் பற்களில்தான் முடிகின்றன. இலையின் புறத்தோல் கரிமப் படலமாகத் தப்பிப் பிழைத்திருந்தால், நுண்ணோக்கியில் இலைத்துளைகளையும் உதிர்ந்த மயிர்களின் அடித்தழும்புகளையும் காணலாம். என் கருத்தில் இதைவிட உறுதியான சான்று இலையில் வேறில்லை. வெறும் பதிவுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, நரம்பின் மேடுகள் நிழல் விழுத்தும்படி படமெடுக்க வேண்டியதுதான்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்பதற்கு இமயமலையிலேயே சான்று உண்டு. திபெத்திலுள்ள ஷிஷாபங்மா மலையில் 1964-இல் சீன ஆய்வாளர்கள் 5,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஓக் இலைப் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார்கள். அவை கர்சு இலைகள் என்று கணிக்கப்பட்டன. கர்சு இன்று வளரும் உயரத்தோடு ஒப்பிட்டு, அந்த இலைகள் உதிர்ந்த காலத்துக்குப் பிறகு அப்பகுதி ஏறத்தாழ 3,000 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்ற முடிவும் எழுந்தது. ஆனால் கர்சு சேர்ந்த ஓக் குழுவின் வெவ்வேறு இனங்கள் இன்று வெவ்வேறு உயரங்களில் வளர்கின்றன. அன்றைய தட்பவெப்பமும் இன்றையதைவிட வெதுவெதுப்பானது, ஆகவே அதே மரம் அன்று இன்னும் மேலேயும் வளர்ந்திருக்கலாம். அந்த இலை கர்சுவேதானா, அதன் உறவினம் ஒன்றா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, மலை வளர்ந்த கணக்கே நூற்றுக்கணக்கான மீட்டர் மாறக்கூடும். நரம்புகள் குழுவரை மட்டுமே வழிகாட்டும்போது இனப்பெயர் சூட்டாமல் குழுவின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே முறையான பதிவு.