வயிறு நிறைந்தும் எடை ஏறாத ஆடு

புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் இன்றும் நிறைய உண்டு. மாதம் முடிந்த கையோடு தீபாவளி நெருங்கிவிடும், ஆட்டுக்கறிக்குக் கிராக்கி ஏறிவிடும். டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் கொஞ்சம் நிலத்தில் டார்ப்பர் இனச் செம்மறி வளர்ப்பவர்களுக்கு அந்தச் சமயத்தில் குட்டிகள் தயாராக இருந்தால்தான் நல்ல விலை. ஆனால் குட்டி எடை ஏற வேண்டிய ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் மழை குறைந்த குளிர்காலம். உள்நாட்டு மேட்டுநிலங்களில் பெரும்பகுதி 'சவர்வெல்ட்' என்ற வகை மேய்ச்சல். அந்தப் புல் குளிர் வந்ததும் சத்தை வேருக்கு இறக்கிவிடும். மேலே நிற்பது காய்ந்த தண்டும் நாரும்தான். அதை அறுத்துக் கட்டிப் போட்டால் ஆடு தின்கிறது, வயிறும் புடைக்கிறது, எடை மட்டும் ஏறுவதில்லை. "வயிறு நெறஞ்சுதானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

எரித்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. ஈரம் நீங்கிய ஒரு கிலோ உலர்புல்லைக் கலோரிமானியில் எரித்தால் ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் வரும். முதல்தர லூசர்ன், அதாவது நம்மூர்க் குதிரைமசால், அதுவும் கிட்டத்தட்ட அதே 18தான். மரத்தூளை எரித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தீக்கு எல்லாம் ஒன்று, ஆட்டுக்கு அப்படியில்லை. அதனால் ஆட்டிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்கும் முறை கொஞ்சம் அழுக்கானது. காயடித்த கிடா ஒன்றைத் தனிக் கூண்டில் விட்டு, ஒரே தீவனத்தைப் பத்துப் பதினைந்து நாள் போட்டுப் பழக்குவார்கள். அப்புறம் பின்பக்கம் ஒரு பையைக் கட்டி, ஒரு வாரத்துக்கு விழும் புழுக்கை அத்தனையையும் சேர்ப்பார்கள். பெட்டையாக இருந்தால் சிறுநீரும் புழுக்கையும் கலந்துவிடும், அதனால்தான் கிடா. போட்ட தீவனம், தின்னாமல் விட்ட மிச்சம், வெளியே வந்த புழுக்கை, மூன்றையும் நிறுத்து, காயவைத்து, எரித்துப் பார்த்தால் எவ்வளவு செரித்தது என்று தெரிந்துவிடும்.

சுமாரான குளிர்காலப் புல்லில் பாதிக்கு மேல் புழுக்கையாகவே போய்விடுகிறது. 18 மெகாஜூலில் 9 சொச்சம் அங்கேயே கழிந்தது. வயிற்றின் முதல் பெரிய அறையான பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது, அதில் ஒரு மெகாஜூல் போகும். சிறுநீரில் இன்னும் கொஞ்சம். மிஞ்சுவது 7 மெகாஜூல் அளவு. லூசர்னில் 9 மிஞ்சும், மக்காச்சோளத்தில் 13 வரை. ஆடு உண்மையில் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் இந்த மிச்சம்தான். தீவன அட்டவணைகளில் பார்க்க வேண்டிய எண்ணும் இதுதான்.

சரி, ஆட்டுக்கு எவ்வளவு தேவை? இதை அளக்க ஆட்டைக் காற்றுப் புகாத அறையில் நிறுத்தி, அது இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கரியமில வாயுவையும் மீத்தேனையும் கணக்கெடுப்பார்கள். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 20 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஆகவே மூச்சை அளந்தால் செலவை அளந்த மாதிரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 50 கிலோ ஆட்டுக்கு 25 கிலோ ஆட்டைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் தேவைப்படுவதில்லை, 1.7 மடங்கு போதும். 1932இல் மேக்ஸ் கிளைபர் என்ற சுவிஸ் விஞ்ஞானி எலியிலிருந்து மாடு வரை எடுத்த கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, செலவு எடையோடு நேராக ஏறவில்லை, எடையின் முக்கால் அடுக்கைத்தான் (எடை^0.75) ஒட்டி ஏறுகிறது என்று காட்டினார். ஏன் அப்படி என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. தீவனக் கணக்குக்கு அந்தச் சண்டை தேவையில்லை, எண் வேலை செய்கிறது.

அந்தக் கணக்கில் 50 கிலோ பெட்டை ஆடு, சினையும் பாலும் இல்லாமல் சும்மா நின்று எடை குறையாமல் இருக்கவே நாளுக்கு 8 மெகாஜூல் வேண்டும். மேடு பள்ளம் ஏறி மேய்ந்தால் கூடும். கடைசி மாதச் சினையில் இரட்டைக் குட்டி சுமந்தால் தேவை இரண்டு மடங்கை நெருங்கும். 30 கிலோ குட்டி தினம் 200 கிராம் ஏற வேண்டுமானால் 12 மெகாஜூல் பக்கம் கேட்கும்.

கிலோவுக்கு 7 மெகாஜூல் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. மோசமான தீவனத்தை ஆடு கூடுதலாகத் தின்னாது, குறைவாகத்தான் தின்னும். நார் பெருவயிற்றில் உடைந்து சிறுதுகளாகும் வரை கீழே இறங்காது, அது இறங்காமல் அடுத்த வாய்க்கு இடமில்லை. தோராயமாக, உடல் எடையில் 1.2 சதவீத அளவு நாருக்கு மேல் ஒரு நாளில் உள்ளே போகாது என்று வைத்துக்கொள்ளலாம். 70 சதவீதம் நாருள்ள குளிர்காலப் புல்லை 50 கிலோ ஆடு 860 கிராம் தின்னும். கிடைப்பது 6 மெகாஜூல், தேவை 8. வயிறு முட்ட முட்ட ஆடு இளைக்கிறது. 45 சதவீதம் நாருள்ள லூசர்னில் 1,300 கிராம் இறங்கும், கிடைப்பது 12. கிலோ கணக்கில் 7க்கும் 9க்கும் இருந்த இடைவெளி, ஆட்டுக்குள் போகும்போது 6க்கும் 12க்குமாக விரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், கட்டு என்ன விலை என்று விசாரிப்பதை விட நார் எத்தனை சதவீதம் என்று விசாரிப்பது மேல்.

அதற்காக ஒவ்வொருவரும் கிடாவுக்குப் பை கட்ட வேண்டியதில்லை. 1963இல் இங்கிலாந்தில் டில்லி, டெர்ரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆட்டின் வயிற்றைக் கண்ணாடிக் குழாய்க்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அரைத்த புல்லைப் பெருவயிற்றுச் சாற்றில் 48 மணி நேரம், பிறகு அமிலத்தில் கலந்த பெப்சின் என்ற செரிமான நொதியில் இன்னொரு 48 மணி நேரம் ஊறவிட்டால், கரைந்துபோன பங்கு செரிமானத்தைச் சொல்லிவிடும். இன்றைக்கு அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சில நிமிடங்களில் மதிப்பிடுகிறார்கள். அந்தக் கருவியைப் பழக்கியதும் இந்தக் குழாய்களும் கிடாக்களும்தான். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒரு கட்டின் ஓரத்தில் பிய்த்த கைப்பிடியை அனுப்பாதீர்கள். பத்துப் பதினைந்து கட்டுகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும்.

ஆற்றல் மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். புல்லில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்களே பட்டினி. நாரை உடைக்க ஆளில்லை, தீவனம் தேங்குகிறது, ஆடு இன்னும் குறைவாகத் தின்கிறது. குளிர்காலத்தில் பண்ணைகளில் யூரியா கலந்த நக்கு உப்பு வைப்பது இதற்குத்தான். நுண்ணுயிர்கள் யூரியாவின் நைட்ரஜனை எடுத்துத் தங்கள் புரதமாக்கிக்கொள்ளும். அந்த உப்பு வைக்கும் தொட்டிக்குக் கூரை அவசியம். மழைத்தண்ணீர் தேங்கி, கரைந்த யூரியாவை ஆடு குடித்தால் சில மணி நேரத்தில் செத்துவிடும்.

விற்கப்போகும் குட்டிக்கு லூசர்னும் மக்காச்சோளமும் கலந்து போடலாம். மக்காச்சோளத்தை இரண்டு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள், திடீரென்று கொட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும். டார்ப்பர் சீக்கிரமே கொழுப்புப் பிடிக்கும் இனம் வேறு. தசையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், ஒரு கிலோ கொழுப்பில் அடங்கும் ஆற்றல் ஒரு கிலோ தசையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. குட்டி 40 கிலோவைத் தாண்டி, இடுப்பு முள்ளெலும்பு விரலுக்குத் தட்டுப்படாமல் மறைந்தபின் போடும் தீவனம் பெரும்பாலும் கொழுப்பாகத்தான் சேரும். அந்தக் கொழுப்பைக் கடைக்காரர் சீவி எறிவார். புரட்டாசி முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தாலும், அப்படிப்பட்ட குட்டிக்குச் சோளத்தை நிறுத்திவிட்டு வெறும் புல்லும் நக்கு உப்பும் வைத்தாலே போதும்.