வலியில்லாமல் வரும் மஞ்சள் காமாலை

காமாலை என்றதும் நம் குமரி மாவட்டத்தில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். கூடவே உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். கெட்ட தண்ணீரால் இளவட்டங்களுக்கு வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பெயர் பச்சிலைக்குப் போய்விடும். சரி, போகட்டும். அறுபது வயதுக்காரருக்கு வலியே இல்லாமல் கண் மஞ்சளித்தால்தான் எனக்குப் பயம்.

அப்படி வருபவர்களின் கையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முழங்கை வரை நகக்கீறல்கள், அங்கங்கே பொருக்கு. "வேதனை ஒண்ணும் இல்ல டாக்டரே, சொறிச்சல்தான் தாங்க முடியல" என்பார்கள். "மலம் என்ன நிறத்துல போவுது அண்ணாச்சி?" என்று கேட்டால், "அத யாரு பாத்தா?" என்று சிரிப்பார்கள். தயவுசெய்து பாருங்கள். பித்தநீர் குடலுக்கு வந்தால்தான் மலத்துக்கு நிறம். வழி அடைபட்டால் மலம் வெளுத்துவிடும், பித்தம் ரத்தத்தில் ஏறி சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும், உடம்பெல்லாம் அரிக்கும்.

அடைப்பது கல்லாகவும் இருக்கலாம். ஆனால் கல் பெரும்பாலும் வலியோடும் குளிர்காய்ச்சலோடும் வரும். சத்தமில்லாமல் அடைப்பது பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி. கணையத்தின் தலைப்பகுதி, பித்தக்குழாய், பித்தப்பை, பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாய் என எங்கும் வரலாம். அந்தக் குழாய் வாயில் வரும் கட்டி ஆளை ஏமாற்றும். அதன் மேல்பகுதி உதிர்ந்து வழி கொஞ்சம் திறந்தால், ரத்தத்தில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 12லிருந்து 6க்குக்கூட இறங்கும். மருந்து பிடித்துவிட்டது என்று வீட்டில் நம்பிவிடுவார்கள். அப்புறம் மறுபடி ஏறும். இந்த நான்கில் ஆபரேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான். அந்த நாட்களைத்தான் பத்தியத்தில் விட்டுவிடுகிறோம்.

கணையத்தின் வால்பகுதிக் கட்டி காமாலையே காட்டாது. முதுகுவலி, எடைக்குறைவு என்று வெளியே தெரியும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். கல்லீரல் கட்டியும் அப்படித்தான். ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும்.

கண் மஞ்சளித்தால் ரத்தப் பரிசோதனையையும் வயிற்று அல்ட்ராசவுண்டையும் உடனே செய்துவிடுங்கள். பித்தக்குழாய் விரிந்திருந்தால் அடுத்தது சி.டி. ஸ்கேன். காய்ச்சல், நடுக்கம் என்ற அவசரம் இல்லையென்றால் சி.டி.க்குப் பிறகே ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறக்கப் பித்தக்குழாயில் வைக்கும் சிறு குழாய். முதலில் வைத்துவிட்டால் கட்டியின் எல்லை ஸ்கேனில் தெளிவாகத் தெரியாது. கணையத் தலையோடு கட்டியை அகற்றும் விப்பிள் ஆபரேஷனுக்கு நேரடியாகப் போகக்கூடியவர்களுக்கு ஸ்டென்ட்டே தேவைப்படாமலும் போகலாம்.

மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிட்டால் கணையம் கெடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கேரளத்தைப் போல நம் பக்கமும் சிறு வயதிலேயே கணையத்தில் கல் படியும் நோய் உண்டு. ஒரு காலத்தில் பழி மரச்சீனி மேல் விழுந்தது. அது நிரூபணமாகவில்லை, மரபணுவுக்குப் பங்கு இருப்பது பிறகு தெரிந்தது. சர்க்கரை இல்லாதவர்கள் மீன்கறியோடு சாப்பிடலாம், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் கணையத்தில் கல் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பீடியும் குடியும் அறவே கூடாது. பழகிய வலியின் தன்மை மாறினாலோ, சர்க்கரை கட்டுக்குள் நிற்காமல் எடை இறங்கினாலோ மாத்திரையைக் கூட்டுவதோடு விடாமல் ஸ்கேன் எடுக்கவேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, எடையும் காரணமில்லாமல் குறைந்தால், கல் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்வேன்.