ஓடினால் கம்பஸ் கிடைக்குமா?

“சேர், ஓடினால் கம்பஸ் கிடைக்குமாம், உண்மையோ?”

பின்னேரப் பயிற்சி முடிந்து, ஸ்பைக் சப்பாத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஈர்க்குக் குச்சியால் சுரண்டிக்கொண்டே பெடியன் கேட்டான். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தரம் 11 பிள்ளையும் போத்தலை இறக்கிவிட்டுப் பார்த்தாள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்த மைதானத்துக்குப் போனாலும் வருகிற கேள்விதான் இது. உண்மைதான், கிடைக்கும். ஆனால் பெடியன் நினைக்கிற மாதிரி இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. விளையாட்டு, கலை போன்ற படிப்புக்கு வெளியேயான துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு ஒவ்வொரு பாடநெறியிலும் 0.5 வீதம் வரையான இடங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒதுக்குகிறது. கேட்க நல்லாய்த்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 பேரை எடுக்கும் பாடநெறி என்றால் அரை வீதம் என்பது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு கதிரைக்கு ஓட்டக்காரர் மட்டுமில்லை, கிரிக்கெட், கரப்பந்து, நடனம் என்று நாடு முழுக்க இருந்து வருவார்கள்.

‘தேசிய மட்டம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வலயத்தில் முதலாமிடம் வந்தால் ஊரே கொண்டாடும், மாகாணத்தில் பதக்கம் எடுத்தால் பாடசாலை வாசலில் பதாகை கட்டுவார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அவை படிக்கட்டுகள் மட்டுமே. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டி போன்ற தேசியப் போட்டிகளில் எடுத்த இடம்தான் பேசும்.

இன்னொன்று. வேகமாக ஓடுகிறார் என்பதற்காக உயர்தரப் பரீட்சையில் யாருக்கும் சலுகை இல்லை. ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது ‘எஸ்’ என்ற சாதாரண சித்தி வேண்டும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும், கேட்கிற பாடநெறிக்குரிய பாடங்களும் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் பெட்டி நிறையப் பதக்கம் வைத்திருந்து பிரயோசனமில்லை.

யூடியூப்பில் அமெரிக்கக் கல்லூரிக் கதைகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி இருக்கும் என்று நம்புகிற பிள்ளைகள் உண்டு. அங்கே பயிற்றுவிப்பாளர் தேடி வந்து ஆள் பிடிப்பார், கல்லூரி கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணமே இல்லை. அதனால் இந்த ஒதுக்கீடு தருவது காசு அல்ல, இடம். ஒருவரும் தேடி வரமாட்டார்கள், நாங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தந்த ஆண்டுக்கான அனுமதிக் கையேட்டைத் தமிழிலேயே எடுத்து வாசிக்கலாம். ரியூசனில் யாரோ சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

சரி, இவ்வளவு ஒடுங்கிய வாசலென்றால் எதற்கு ஓடுவது? இங்கேதான் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். விளையாட்டால் கம்பஸுக்குள் நுழைவது ஒன்று, கம்பஸுக்காக விளையாடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு இந்த அரை வீதம் தேவையே இல்லை. எந்த வழியால் உள்ளே போனவரும் உடற்கல்வி அலகில் போய்ப் பெயர் கொடுத்து, தெரிவில் ஓடிக் காட்டி அணியில் இடம்பிடிக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் நடக்கின்றன, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெரிய பல்கலைக்கழக விளையாட்டு விழாவும் வரும். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் இருந்து தனியாக இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது பார்க்கிற கட்டடங்கள்தான், தூரத்துக் கனவு இல்லை.

வன்னிப் பிள்ளைகளுக்கு உள்ளே போகும் அகலமான வாசல் மாவட்ட ஒதுக்கீடு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைப்படியும் பகிரப்படும். கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம் வரை உண்டு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியில் சின்ன ஏற்றமும் இங்கே பெரிய வித்தியாசம் செய்யும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விளையாட்டுக்காரப் பிள்ளை என்றால் பெரிய பட்டினத்துப் பாடசாலைகள் கூப்பிடும். நல்ல மைதானம், நல்ல பயிற்றுவிப்பாளர், விடுதி. ஆனால் மாவட்டத்தைத் தீர்மானிப்பது வீட்டு விலாசம் இல்லை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதுதான். மாறிப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஆனால் அதிபரிடம் விடுகைப் பத்திரம் கேட்பதற்கு முதல் தாய் தகப்பன் இருந்து இரண்டு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியையும் (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி) பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பயிற்சியை எப்படி விடாமல் பிடிப்பது என்பதற்கு எங்கள் காலநிலையே பாதி விடை. ஐப்பசி, கார்த்திகையில் மாரி இறங்கினால் மைதானம் குளமாகிவிடும். 2024, 2025இல் உயர்தரப் பரீட்சையும் அந்த நேரத்தில்தான் வந்தது. 2024இல் வெள்ளத்தால் பரீட்சையையே சில நாள் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே தையில் இருந்து ஆவணி வரை மைதானத்தை முழுசாகப் பயன்படுத்து, மாரியில் விறாந்தையில் அரை மணித்தியாலம் உடம்பை அசைத்துவிட்டுப் புத்தகத்தை எடு என்றுதான் நான் சொல்வது. அப்புறம், ஒரு கொப்பியில் திகதி போட்டு ஓடிய நேரத்தை எழுதச் சொல்வேன். பதக்கம் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. 12.4 செக்கனில் இருந்து 12.2க்கு இறங்கியது அந்தக் கொப்பியில்தான் தெரியும், அடுத்த நாள் விடிய எழும்பி ஓட அது போதும்.

கடைசியாகச் சான்றிதழ். வன்னிக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2009இல் எதை விட்டாலும் சான்றிதழ்ப் பையை விடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த சனம் நாங்கள். இருந்தும் விளையாட்டுச் சான்றிதழை யாரும் அந்தப் பையில் வைப்பதில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுகிறோம், கறையான் தின்கிறது. போட்டியின் பெயர், ஆண்டு, மட்டம், எடுத்த இடம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா, பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். வருடம் கழித்துத் திருத்தப் போனால் கையெழுத்துப் போட்டவர் இடமாற்றத்தில் போயிருப்பார்.

கேள்வி கேட்ட பெடியனிடம் இருப்பதை எல்லாம் கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு சொப்பிங் பையில் ஏழு சான்றிதழோடு வந்தான். மாகாண மட்டம் இரண்டு, தேசிய மட்டம் ஒன்றுமில்லை, இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது. மாகாணச் சான்றிதழ் ஒன்றில் தகப்பனின் முதலெழுத்துப் பிழை. அந்தத் திங்கட்கிழமையே வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.