பெரிய பிள்ளை ஓடலாமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். அண்மையில் ஓர் அம்மா, முதுகுவலி என்று 15 வயது மகளைக் கூட்டிவந்தார். சோதித்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை. உடம்பு அசையாததால் தசைகள் தளர்ந்திருந்தன. உடற்பயிற்சி வேண்டும் என்றேன்.

"நாங்க நாள் முழுக்க மலை ஏறி இறங்குறது போதாதா மிஸ்? அவளாச்சும் உட்கார்ந்து படிக்கட்டும்."

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த வீட்டில், மகள் நாற்காலியில் உட்காருவதே பெரிய வெற்றி. ஆனால் தாய் ஏறிய மலை மகளின் எலும்பைப் பலப்படுத்தாது. எலும்பு உறுதியாகிற வயது இதுதான்.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் பேசினேன். ஏழாம் வகுப்பில் இல்ல விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓடியிருக்கிறாள். வயதுக்கு வந்த பிறகு நின்றுவிட்டது. யாரும் ஓடாதே என்று சொல்லவில்லை. "பெரிய பிள்ளை துள்ளக்கூடாது" என்று அத்தை ஒருநாள் சொன்னாராம். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்களாம். மாதவிடாய் நாளில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு, பாடசாலைக் கழிவறையில் தண்ணீரும் வராது. துள்ளினால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. பலருக்கு உடற்பயிற்சி மாதவிடாய் வலியைக் குறைக்கவே செய்கிறது. இதை அத்தைமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பையன்கள் விலகுவது வேறு வழியில். கிரிக்கெட்டுக்கு 11 பேரை எடுத்ததும் மற்றவர்கள் பந்து பொறுக்கப் போகிறார்கள். கொஞ்சம் குண்டாக இருந்தால் ஒரு பட்டப்பெயர். பாடசாலைக்குப் பிந்தி வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறோம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை விரும்பவில்லையே என்று கேட்பது நியாயமா? சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் டியூஷன் மிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது.

இது நம் மலையகத்தில் மட்டும் உள்ளதல்ல. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையானவர்களில் 100க்கு 81 பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண்பிள்ளைகளில் அது 85, பையன்களில் 78. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை. பாடசாலைக்கு மேட்டில் வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும்.

சுகாதாரப் பிரசங்கம் செய்து ஒரு பிள்ளையையும் நான் ஓட வைத்ததில்லை. "யாரோடு என்றால் போவாய்?" என்றுதான் இவளிடமும் கேட்டேன். "சித்தி மகளோட" என்றாள். சரி, இரண்டு பேருக்கும் ஒரு கயிறு, தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடுகிற, பின்னேரத்தில் ஆளில்லாத பிரட்டுக்களம், முழங்கால் மறைக்கிற காற்சட்டை. எண்ணிக்கை, நேரம் எல்லாம் அவர்கள் விருப்பம்.

அடுத்த மாதம் அம்மா மட்டும் வந்திருந்தார். முதுகுவலி பற்றிப் பேசவேயில்லை.

"ஓடுறதுக்கு நல்ல சப்பாத்து எங்க மிஸ் வாங்கலாம்? ரெண்டு சோடி வேணும்."